குத்தாலிங்கத்தின் குறட்டை

குத்தாலிங்கத்தின் குறட்டை ஆவுடையாள்பேரிக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அவன் மனைவி உலகம்மாள் இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில். முன்னறையில் யாரும் படுக்காத கட்டிலில், யாரும் தலைவைக்காத தலையணையிலிருந்து, முதலில் ஈர விறகை அறுப்பதுபோல ஓர் இழுப்பு வந்தது, பிறகு அதைவிட நீளமாக ஒன்று, பிறகு கூரை ஓடெல்லாம் அதிரும்படி மூன்றாவதாக ஒன்று, அதற்கும் பிறகு குக்கர் அடங்கும்போது வருவதுபோல மெல்லிசாக ஒரு விசில். உலகம்மாள் கொப்பரையை மேடையில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அறை வாசலில் நின்று கேட்டாள். நாலாவது விசில் முடிந்ததும் தூக்கக் குரல் ஒன்று, "சாவிய எங்க வச்ச?" என்று முனகியது. ஏழு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தோரு நாள் கேட்ட குரல் அது.

"அவுகதான்," என்றாள் மகளிடம். "சத்தம் போடாத, அப்பா தூங்குதாக."

ஆறு வயது யாழிசை, "சரி," என்று சொல்லி டிவியின் ஒலியைக் குறைத்தாள்.

குத்தாலிங்கம் அந்த நேரம் பூமிக்கு மறுபக்கத்தில், குளிர் நாடு ஒன்றில், ஒரு வீட்டின் தரைக்குக் கீழிருக்கும் அறையில் படுத்திருந்தான். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரலாம், கோபம் வந்தால் இன்னொரு கடிதம் அனுப்புவார்கள், அந்தக் குடும்பம் அதற்குள் போதுமான கடிதங்களை வாங்கிவிட்டது. ஆகவே குளிர் நாடு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவன் வெல்டர். கல்யாணமான நாற்பத்திரண்டாவது நாள் விமானம் ஏறியவன். நிரந்தரமாகத் தங்குவதற்கு அவன் கொடுத்த காகிதங்கள் ஏதோ ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தன, நகர்ந்து முடிவதற்குள் அவன் நாட்டைவிட்டு ஒரு காலை வெளியே வைத்தாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் வர முடியாது. அவள் போவதற்கு விசா வேண்டும்.

அந்த விசாவுக்கு உலகம்மாள் மகளுக்கும் சேர்த்து மூன்று முறை விண்ணப்பித்தாள், மூன்று முறையும் மறுப்புக் கடிதம் வந்தது. கடிதங்களை வாசித்துச் சொல்வது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருந்த மைமூன். முதல் கடிதம், புகைப்படத்தில் விண்ணப்பதாரரின் காதுகள் தெரியவில்லை என்றது. அன்றைக்கு அவள் வைத்திருந்த பிச்சிப்பூ இரண்டு பக்கமும் தொங்கியதால் வந்த வினை. இரண்டாவது கடிதம், கல்யாண ஆல்பத்திலுள்ள நூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட மணமக்கள் சிரிக்கவில்லை, ஆகவே இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை என்றது. "கல்யாணத்தன்னைக்கு எவடி சிரிப்பா?" என்று மைமூனே கடிதத்தைப் பார்த்துக் கேட்டாள். மூன்றாவது கடிதம்தான் கொடுமை. நாற்பத்தோரு நாள் மட்டுமே சேர்ந்து வாழ்ந்த இருவரை உண்மையான கணவன் மனைவி என்று நம்ப முடியவில்லை என்று அது சொன்னது. மகள் இருப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சேர்ந்து வாழ விடுங்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் சேர்ந்து வாழவில்லையே என்று பதில் வந்ததைப் புரிந்துகொள்ள உலகம்மாளுக்கு ஒரு முழுப் பகல் ஆனது. அந்தக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் காலை குறட்டை வந்தது.

முதலில் கேட்டு ஓடிவந்தவள் பக்கத்துத் தெருவிலிருந்த மாடத்தி, குத்தாலிங்கத்தின் அக்கா. வரும்போதே, "ஏட்டி உலகு, தம்பி எப்ப வந்தான்? எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

"அவுக வரல மதினி. குறட்டை மட்டும் வந்திருக்கு."

மாடத்தி கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், பிறகு இடுப்பில் கைவைத்து நின்று சற்று நேரம் கவனமாகக் கேட்டாள். "மல்லாக்கப் படுத்திருக்கான், அதான் இந்தச் சத்தம்," என்று சொல்லித் தலையணையில் பளாரென்று ஓர் அறை வைத்தாள். "ஏல, ஒருக்களிச்சுப் படு!" குறட்டை ஒரு திணறு திணறி, சப்புக்கொட்டி, பாதியாகக் குறைந்து, ஒழுங்காக ஓடத் தொடங்கியது. "சின்ன வயசுலயும் இப்படித்தான்," என்றாள் மாடத்தி, அதோடு அந்த விஷயம் அவளுக்குத் தீர்ந்துபோயிற்று.

சரியாக மூன்றரை மணிக்குக் குறட்டை நின்றது. சற்று நேரத்தில் குத்தாலிங்கம் போனில் கூப்பிட்டான். அங்கே அவனுக்கு விடிந்திருந்தது. அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து பயந்துபோயிருந்ததாகச் சொன்னான். ஏழு வருடமாகக் காதில் பஞ்சு வைத்துத் தூங்கியவர்கள் அன்றைக்கு அவனிடமிருந்து ஒரு சத்தமும் வராததால் இவன் செத்துவிட்டான் என்று நினைத்து மூக்குக்கு நேராகக் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்களாம். "பொறவு மூணு பேரும் சந்தோசமாத் தூங்கிட்டானுவ. ஆனா அக்கா என்னைய அடிக்கிற மாதிரி கெனாக் கண்டேன் உலகு, கன்னம் இன்னும் வலிக்கு."

இப்படியாகக் குறட்டை தினமும் காலை எட்டு மணிக்கு வந்து மூன்றரை மணிக்குப் போயிற்று. குளிர் நாட்டில் அவன் தலை சாய்க்கும்போது இங்கே வரும், அங்கே அவன் எழுந்து பல்தேய்க்கப் போகும்போது இங்கே நிற்கும், அவனுக்கு விடுமுறை நாளென்றால் சாயங்காலம் ஆறு வரை ஓடும், சளி பிடித்தால் சளியோடு வரும். தெரு முதல் வாரம் வந்து பார்த்தது, இரண்டாவது வாரம் குறை சொன்னது, மூன்றாவது வாரம் பழகிவிட்டது. எட்டு மணி இழுப்பு கேட்டதும் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பின, மூன்றரைக்கு அது நின்றதும் டீக்கடையில் வடைக்கு எண்ணெய் காயவைத்தார்கள். நவம்பர் மாதம் குளிர் நாட்டுக்காரர்கள் ஏதோ வழக்கப்படி தங்கள் கடிகாரங்களை ஒரு மணிநேரம் பின்னால் திருப்பி வைத்த மறுநாள், குறட்டை ஒன்பது மணிக்குத்தான் வந்தது, ஊரிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு மணிநேரம் தாமதமாகப் பள்ளிக்கூடம் போய், வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். தலைமை ஆசிரியர் காரணத்தை விசாரித்து அறிந்தபின் பள்ளி வாசலில் எழுதிவைத்தார்: 'குறட்டை பங்குனி மாதம் வரை ஒரு மணிநேரம் தாமதமாக இயங்கும். மாணவர்கள் கவனிக்கவும்.'

கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள்தான் அதன் அருமையைக் கண்டுபிடித்தவர்கள். எந்தத் தாலாட்டுக்கும் மசியாத பிள்ளை மூன்றாவது இழுப்பில் கண்ணைச் சொருகியது. ஆகவே உலகம்மாள் வீட்டு உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று தொங்கின, பதினொரு வருடமாகத் தூக்கம் வராத ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரும் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார், விசில் வரும்போதெல்லாம் தூக்கத்திலேயே "ரைட், போலாம்" என்று சொன்னார். உலகம்மாள் இவர்களுக்கு நடுவே பீடி சுற்றிக்கொண்டும், கீரை ஆய்ந்துகொண்டும், சத்தம் போடுகிறவர்களை வெளியே அனுப்பிக்கொண்டும் இருந்தாள்.

யாருக்குப் பொறுக்கவில்லையோ தெரியாது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஆள் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் அந்த வீட்டில் தங்கியிருப்பதாக மனு ஒன்று போயிற்று. ஏட்டையா பிச்சாண்டி ஒரு படிவத்தோடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, தலையணையைப் பார்த்தபடி எழுதத் தொடங்கினார்.

"பேரு?"

"குத்தாலிங்கம்."

"எந்த ஏர்போர்ட் வழியா வந்தாரு?"

"தெரியல ஐயா. நேரா கட்டிலுக்குத்தான் வந்தாக."

"பாஸ்போர்ட்டு?"

"அது அவுககிட்ட அங்க இருக்கு."

ஏட்டையா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். குறட்டை ஒரு நீண்ட இழுப்பு இழுத்தது. "ஆளு இந்தியாக்காரர்தானே?"

"ஆமா ஐயா, குத்தாலத்துலதான் மொட்ட போட்டு காது குத்துனாக."

"இந்தியாக்காரரு இந்தியாவுக்கு வர எதுக்கும்மா விசா?" என்று சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று எழுதினார். தங்கியிருக்கும் காலம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'எழுந்திருக்கும் வரை' என்று போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிற்று. அவர் போனபிறகு உலகம்மாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூக்கிலிருந்து வரும் சத்தத்துக்குக் கிடைத்த அனுமதி முழுசாக இருக்கும் மனுஷிக்குக் கிடைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. பேரிலேயே உலகத்தை வைத்திருந்தவளுக்கு, சாமி கும்பிடத் திருச்செந்தூர் வரை போய்வந்ததுதான் பார்த்த தூரம்.

யாழிசைக்கு மட்டும் இதில் குறையொன்றும் தெரியவில்லை. அவள் பிறந்தது முதல் அப்பா என்பது போனுக்குள் நெற்றி மட்டும் தெரிகிற, "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே உறைந்து நின்றுபோகிற ஒரு படம். இப்போது அப்பா கட்டிலில் இருந்தார். சனி ஞாயிறுகளில் அவள் தலையணைக்குப் பக்கத்தில் படுத்து வாய்ப்பாடு படித்தாள், சிநேகிதிகளைக் கூட்டிவந்து, "எங்கப்பா, வெல்டிங் வேல பாத்துட்டுத் தூங்குதாக," என்று அறிமுகம் செய்தாள், போர்வையை மூக்கு இருக்க வேண்டிய இடம்வரை இழுத்துவிட்டாள்.

மார்கழியில் ஒருநாள், தொட்டில்காரிகள் யாரும் வராத முற்பகலில், உலகம்மாள் கட்டிலோரம் தரையில் முறத்தோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு இலையை உருவ, வாய் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது. போனில் அவர்கள் பேசுவதெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பிள்ளை படிக்கிறாளா, படிக்கிறா, பஸ் வந்துட்டு வைக்கட்டுமா, வைங்க. அதற்குமேல் பேச ஏழு வருடத்தில் நேரம் வாய்க்கவில்லை. இப்போது அவன் எழுந்து போக வழியில்லாமல் படுத்திருந்தான்.

"கேட்டுக்கிடுங்க. எனக்கு உங்க குளிர் நாடும் வேண்டாம், பனியும் வேண்டாம். புள்ளைக்கு அம்ம போட்டப்போ ஒத்தையில கெடந்தேன், நீங்க பயப்படுவியன்னு சொல்லல. போன வருசம் ஓடு மாத்தையில ஏணியிலேர்ந்து விழுந்தேன், அதயும் சொல்லல. நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. உங்க மொகம் எனக்கு மறந்துகிட்டு வருது. குறட்ட மட்டும் மறக்கல. இது ஒரு பொழப்பா?"

குறட்டை இரண்டாவது இழுப்பின் நடுவிலேயே நின்றுவிட்டது. அப்படி அது நின்றதே இல்லை. உலகம்மாள் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி தலையணையைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"உலகு, நீ என்னமும் சொன்னியா?"

"இல்லியே. நீங்க ஏன் இப்ப முழிச்சிய?"

"தெரியல. நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு." அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான், "இன்னொரு தடவ போட்டுப் பாப்போம். அதுவும் இல்லன்னா நான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருதேன். இத்தன வருசம் போனா போகட்டும்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான், அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழு வருடம் தரைக்குக் கீழே கிடந்தவன் வெறுங்கையோடு வந்து இறங்கினால், அதற்குப் பிறகு ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது விண்ணப்பம் போயிற்று. இந்த முறை காது தெரியும்படி படம் எடுத்தாள். தை மாதக் கடைசியில் பதில் வந்தது: விண்ணப்பதாரர் சென்னைக்கு நேரில் வரவேண்டும், வியாழக்கிழமை காலை பத்தரை மணி, திருமணம் உண்மையானது என்பதற்கான ஆதாரங்களைக் கொண்டுவரவும், இதற்குப் பிறகு மறுபரிசீலனை கிடையாது.

"பத்தரை மணின்னா தம்பி நல்லாத் தூங்குற நேரம்," என்றாள் மாடத்தி. "தலையணையத் தூக்கிட்டுப் போ."

"ஆதாரம்னா பேப்பர்ல இருக்கணும் அக்கா," என்றாள் மைமூன். "தலையணைய எப்படி ஜெராக்ஸ் எடுக்க?"

"ஜெராக்ஸ் எதுக்கு? ஒரிஜினலே போகுதே!"

தலையணை போனால் குறட்டையும் போகுமா என்பதுதான் ஊரின் சந்தேகம். மறுநாள் காலையில் மைமூன் நெட் சென்டர் வரைக்கும் தலையணையை எடுத்துப் போய்ப் பார்த்தார்கள், குறட்டையும் தெருவழியாக உலகம்மாளின் இடுப்பில் உட்கார்ந்தபடி கூடவே போயிற்று, பின்னால் நாலு தாய்மார்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்கு, குத்தாலிங்கம் தினமும் தங்கள் காதறியத் தன் மனைவி வீட்டில் தூங்கிவருகிறார் என்று ஒரு மனு எழுதி, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஏட்டையாவின் தாளையும் அதோடு சேர்த்துப் பின் அடித்தாள் மைமூன்.

வியாழக்கிழமை காலை, தலையணையைப் புது உறை போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் யாழிசையைப் பிடித்துக்கொண்டு, உலகம்மாள் சென்னையில் அந்த அலுவலகத்தின் வாசலில் நின்றாள். காவலாளி உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலை எடுத்தார். செல்போன், கத்தி, தண்ணீர் பாட்டில், உணவு, தீப்பெட்டி, செடி, வளர்ப்புப் பிராணி. மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் வாசித்தார். தலையணை இல்லை. "சத்தம் வருதேம்மா?" என்றார். "சத்தம் லிஸ்ட்ல இருக்கா அண்ணே?" என்றாள் உலகம்மாள். சத்தமும் இல்லை. உள்ளே விட்டார்.

கூடத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மகன் பிறந்ததைப் படத்தில் பார்த்தவர்கள், கல்யாணத்துக்கு அடுத்த வாரம் பிரிந்தவர்கள், அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள், எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், எல்லார் கண்ணிலும் பல மாதத் தூக்கக் கேடு. குறட்டை அவர்கள் நடுவே போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியது. முதல் வரிசை தலை தொங்கியது, இரண்டாவது வரிசை முதல் வரிசைமேல் சாய்ந்தது, பத்து நிமிடத்தில் கூடம் முழுக்க ஃபைல்களை அணைத்துக்கொண்டு தூங்கிப்போனது. ஒலிபெருக்கி டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, எழுந்து போக யாருமில்லை, ஆகவே உலகம்மாளின் எண் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர் நாட்டு அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடி, கண்ணுக்குக் கீழே கருவளையம். பக்கத்தில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர். கண்ணாடியில் பேசுவதற்காக வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது, உலகம்மாள் தலையணையை அதற்கு நேராக வைத்தாள்.

"இது என்ன என்று மேடம் கேக்குறாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என் வீட்டுக்காரர் ஐயா. தூங்குதாக."

அவர் அதைச் சொன்னார். அதிகாரி அம்மாள் நெடுநேரம் தலையணையைப் பார்த்தாள், பிறகு ஏதோ கேட்டாள்.

"நாற்பத்தோரு நாளில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று மேடம்..." என்று தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் ஒரு கொட்டாவி விட்டு, மன்னிக்கவும் என்று சொல்லி, இன்னொரு கொட்டாவியின் பாதியில் கன்னத்தை மேசையில் வைத்துத் தூங்கிவிட்டார். அதிகாரி அவரை உலுக்கினாள். அவர், "அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்," என்று தமிழில் சொன்னார்.

இப்போது கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மொழி தெரியாத இரண்டு பெண்கள் மட்டுமே விழித்திருந்தார்கள். மைமூன் மனப்பாடம் செய்வித்த ஆங்கிலப் பதில்கள் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. அவள் ஒரு விரலை உயர்த்தினாள். ஈர விறகு அறுபட்டது. இரண்டு விரலை உயர்த்தினாள். அதைவிட நீளமாக வந்தது. மூன்றாவது விரலோடு சேர்த்துத் தன் காதையும் பொத்திக்கொண்டாள்; கண்ணாடி அதிர்ந்தது. பிறகு உதட்டைக் குவித்துக் காட்டினாள், குவித்த உதட்டுக்கு ஏற்ப விசில் வந்தது. அதிகாரி முன்னால் சாய்ந்தாள். உலகம்மாள் மறுபடி விரலை உயர்த்தினாள், மறுபடி எல்லாம் அதே வரிசையில் நடந்தது. மூன்றாம் சுற்றில் அதிகாரியும் விரலை உயர்த்தினாள், உதட்டைக் குவிப்பதில் மட்டும் கொஞ்சம் முந்திவிட்டாள். பொறுங்கள் என்று உலகம்மாள் கையால் காட்டினாள். நாலாம் சுற்றில் சரியாக வந்தது. அது முடிந்ததும் உலகம்மாள் காதில் கைவைத்து, கேளுங்கள் என்று காட்டினாள்.

"சாவிய எங்க வச்ச?" என்றது தலையணை.

அதிகாரி புருவத்தை உயர்த்தினாள். உலகம்மாள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு பூட்டைத் திறந்து காட்டி, பிறகு சட்டைப்பையைத் தடவுவதுபோலவும், பேன்ட் பையைத் தடவுவதுபோலவும், தலையைச் சொறிவதுபோலவும் நடித்தாள். அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். யாழிசைக்கும் சிரிப்பு வந்தது. உலகம்மாளுக்கு அழுகைதான் வந்தது, ஆனால் அவளும் சிரித்தாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தை அதிகாரி பார்க்கவே இல்லை. ஃபைலை இழுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டே, மூன்று வரி எழுதினாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்பது பிறகு பதிலோடு வந்த நகலை மைமூன் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது: 'கணவரின் குறட்டை அடுத்து என்ன செய்யும் என்று விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிகிறது. இதை எவரும் விசாவுக்காகக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். அனுமதிக்கலாம்.'

இருபத்து மூன்று நாளில் இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டி வந்தது. ஊர் இனிப்பு கொடுத்துக் கொண்டாடிவிட்டு, மறுநாள்தான் விஷயத்தை முழுசாக யோசித்தது. குறட்டை போய்விடும். தொட்டில்காரிகள் அழுதார்கள், கண்டக்டர் தன் நாற்காலியைவிட்டு எழ மறுத்தார், தலைமை ஆசிரியர் ஒரு கடிகாரம் வாங்குவது குறித்து மேலிடத்துக்கு எழுதினார். தலையணையை மட்டுமாவது விட்டுப்போகச் சொல்லி மாடத்தி கேட்டாள். "குறட்டை வரலன்னாலும் பரவாயில்ல ஏட்டி. திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்லா எனக்கு," என்றாள். உலகம்மாள் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் விமானத்தில் இருந்த நாளில் தலையணை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் சும்மா கிடந்தது. பிள்ளைகள் மூன்று நாள் வீறிட்டு அழுதன, நாலாம் நாள் தாய்மார்கள் தாலாட்டைத் தேடிப் பிடித்தார்கள், கண்டக்டர் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றிருந்த பஸ்ஸில் ஏறித் தூங்கிப் பார்த்தார், தூக்கம் வந்தது. மாடத்தி தினமும் காலையில் தலையணையைத் தட்டிப்போட்டு, "சாப்பாடு ஒழுங்கா சாப்பிடுதியால? மெலிஞ்சிருக்க போலயே," என்று விசாரித்தாள்.

குளிர் நாட்டு விமான நிலையத்தில் மத்தியான வெளிச்சம் பால்போல இருந்தது. குத்தாலிங்கம் தடித்த கோட்டு போட்டு, கையில் இரண்டு சின்னக் கோட்டுகளோடு நின்றான். முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. உலகம்மாளைப் பார்த்ததும் அவன் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டியா?" என்றான். "சாப்பிட்டேன்," என்றாள் அவள். கோட்டை மாட்டிவிடும் சாக்கில் அவள் கையைப் பிடித்தவன் விடவில்லை.

யாழிசை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "வாட்டி, அப்பாட்ட போ," என்றதற்குத் தலையை ஆட்டினாள்.

"இவுக எங்கப்பா இல்ல."

"யாழிக்குட்டி, அப்பாதான்டா. போன்ல பேசுவேன்ல?"

"எங்கப்பா பேச மாட்டாக. தூங்குவாக."

குத்தாலிங்கம் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க ஒரு குறட்டை விட்டுக் காட்டினான். யாழிசை மூன்று இழுப்பையும் பொறுமையாகக் கேட்டாள். "இது பொய்," என்று தீர்ப்புச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஏழு வருடம் எத்தனையோ அதிகாரிகள் அவனை நம்பவில்லை, அப்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்ததில்லை. இப்போது குனிந்தபடி பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கார் சிவநேசனுடையது. மட்டக்களப்புக்காரன், தரைக்குக் கீழ் அறையில் குத்தாலிங்கத்தின் கூட இருந்தவன், கண்ணாடி பிடித்துப் பார்த்தவனும் அவன்தான். குத்தாலிங்கம் குடும்பத்துக்காகத் தனி வீடு பிடித்துவிட்டான் என்பதில் அவனுக்கு வருத்தம். இவ்வளவு அமைதியான ஆள் இனிக் கிடைக்கமாட்டான் என்றான். உலகம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால் ஒரு ஓரத்தில் அப்பனும் மறு ஓரத்தில் மகளும், நடுவில் ஒரு பெட்டியும். சந்தோஷத்தில் இரண்டு நாளாகக் கண்மூடாத குத்தாலிங்கம், கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் வழியில் தெரிகிற பாலம் ஒன்றைக் காட்டி, இதில் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே இருக்கத் தலை பின்னால் சாய்ந்தது.

முதல் இழுப்பிலேயே சிவநேசன் ஸ்டியரிங்கில் துள்ளினான். "ஐயோ கடவுளே, திரும்ப வந்திட்டுது!"

யாழிசை திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது இழுப்புக்குப் பெட்டியின்மேல் முழங்காலை வைத்தாள். மூன்றாவதற்கு அதைத் தாண்டி வந்து, அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, காற்று சுடுகிறதா என்று பார்த்தாள். விசில் வந்து விரலில் பட்டது. அவள் அவன் கோட்டுப் பொத்தானைப் பிடித்து ஏறி, மடியில் உட்கார்ந்து, தலையை அவன் தாடைக்குக் கீழே நுழைத்துக்கொண்டாள்.

"அப்பா எழும்பாம ஓட்டுங்க மாமா," என்றாள்.

அரை மணியில் ஒரு சிவப்புக் கதவுக்கு முன்னால் சிவநேசன் வேகத்தைக் குறைத்தான். கூரையெல்லாம் பனி. "அக்கா, இதுதான் உங்கட வீடு. எழுப்பட்டா?"

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். இருவர் வாயும் திறந்திருந்தது. ஒருவன் இழுக்க, மற்றவள் சின்னதாக விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க தம்பி," என்றாள். "இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."